பச்சையம்மாள் கையெழுத்துப் போடாத மனு

போன மாதம் ரேவதி போன் செய்தாள். ஒரு காலத்தில் என் பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எனக்குத் தெரியாமல் வேர்க்கடலை தின்றவள். இப்போது துணை வட்டாட்சியர்.

"மேடம், இனிமே ட்ரெயினிங் எல்லாம் வீடியோதான். அரை மணி நேரம் பாத்துட்டு பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னா சர்டிபிகேட் வந்துடும். நான் அம்பத்தூர் ஸ்டேஷன்ல வண்டிக்கு நின்னுட்டிருக்கும்போதே முடிச்சிட்டேன்."

"எத்தனை மார்க்?"

"பத்துக்குப் பத்து."

"அதுல என்னம்மா சொன்னாங்க?"

அவள் சிரித்துவிட்டாள். "அதுக்குத்தான் மேடம் உங்களக் கூப்பிட்டேன். உங்க வகுப்புல நடந்ததையெல்லாம் ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்களேன். புதுசா வர்றவங்களுக்குக் காட்டுவேன்."

வீடியோ மீது எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. அதை வேண்டும்போது நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். என்னை அப்படி நிறுத்த முடியாமல் பலர் அவதிப்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் கேட்டுவிட்டாள், எழுதுகிறேன்.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவள். வயதானவர்கள், விதவைகள், கணவனால் கைவிடப்பட்ட பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவித்தொகைப் பிரிவில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. மனு வரும். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்குப் போய் விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் சரிபார்ப்பார், தனி வட்டாட்சியர் உத்தரவு போடுவார். இந்த மூன்று படியில் நிற்பவர்களுக்கும் பயிற்சி கொடுப்பதுதான் என் கடைசிச் சில வருட வேலை.

எனக்குக் கிடைத்த பயிற்சியைச் சொல்ல ஒரு பத்தி போதும். தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். கொளுத்தும் வெயிலில் நில அளவைச் சங்கிலியைப் பிடித்து இழுத்தேன். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் மனப்பாடம் செய்தேன். ஒரு வயலின் நான்கு எல்லையையும் பிசகாமல் எழுதத் தெரிந்துகொண்டேன். எதிரில் நிற்கும் மனிதரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அதைக் கற்றுக்கொண்டது பரசுராமன் சாரிடம்.

பரசுராமன் சார் அப்போது எங்கள் வட்டாட்சியர். ஒல்லியான ஆள், அரைக்கைச் சட்டை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கோப்பை வைத்தால் பேனா மூடியைக் கழற்றுவார். சந்தேகம் வந்தால் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு நம்மைப் பார்ப்பார். அந்த மூடி மாட்டும் சத்தத்துக்கு நாங்கள் பயந்த அளவு வேறு எதற்கும் பயந்ததில்லை.

ஒரு நாள், ரேஷன் அட்டை நகல் இணைக்காததால் ஒரு முதியவரின் மனுவை நிராகரிக்கலாம் என்று குறிப்பு எழுதி வைத்தேன். மூடி மாட்டப்பட்டது.

"இவர் எந்த பஸ்ல வந்தார்?" என்று கேட்டார்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "சார்?"

"நம்ம ஆபீசுக்கு இவர் எந்த பஸ்ல வந்தார்னு கேட்டேன்."

"தெரியாது சார்."

"கேட்டுட்டு வாங்களேன்."

வெளியே ஓடினேன். நல்லவேளையாகப் பெரியவர் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். இது மூன்றாவது தடவை. மஞ்சள் பையைத் திறந்து காட்டினார், அசல் ரேஷன் அட்டை உள்ளேயே இருந்தது. ஜெராக்ஸ் கடை பூட்டியிருந்ததாம், அதனால் நகல் இல்லை. எங்கள் அலுவலகத்து மிஷினிலேயே நகல் எடுத்து, மனுவோடு சேர்த்துக் கொண்டுபோய் வைத்தேன். சார் மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குப் பிறகு எந்த மனுவின் மூலையிலும் பென்சிலால் பஸ் நம்பரையும், எத்தனையாவது நடை என்பதையும் எழுதாமல் நான் மேலே அனுப்பியதில்லை.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. 'மனு நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதினால் பிடிக்காது. "யார் நிராகரிக்கிறாங்க? காத்து வந்து நிராகரிச்சுதா?" என்பார். "'தங்கள் மனுவை நான் நிராகரிக்கிறேன்'னு உங்க கைப்பட எழுதிப் பாருங்க. அப்பவும் எழுத முடிஞ்சா அனுப்புங்க." முயன்று பார்த்தேன். நான்கில் ஒன்றைத்தான் அப்படி எழுத முடிந்தது. மற்ற மூன்றையும் தூக்கிக்கொண்டு மனுதாரரைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

பல வருடம் கழித்து அவர் தனித்துணை ஆட்சியராகப் பதவி உயர்ந்து மாவட்டம் முழுவதற்கும் இந்தத் திட்டங்களைக் கவனிக்க வந்தபோது, நானும் துணை வட்டாட்சியராகி இருந்தேன். நான் பயிற்சியாளர் ஆனது ஒரு தற்செயல். பூந்தமல்லியில் கிராம நிர்வாக அலுவலர்களுக்கு மூன்று நாள் வகுப்பு. பாடம் எடுக்க வேண்டியவர் மெட்ரோ தூண் வேலைக்காக அடைத்திருந்த சாலையில் காரோடு மாட்டிக்கொண்டார். நாற்பது பேர் காத்திருந்தார்கள். தேநீருக்குச் சொல்ல வந்த என்னைப் பார்த்து சார், "நீங்க எடுங்க" என்றார்.

"என்ன சார் எடுக்கறது?"

"உங்களுக்குத் தெரிஞ்சதை."

எனக்குத் தெரிந்தது மனுப் படிவம் ஒன்றுதான். எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்து, "உங்க அம்மாவுக்கு நிரப்புங்க" என்றேன். முதலில் சிரித்தார்கள். பத்தாவது நிமிடத்தில் பேனாக்கள் நின்றுவிட்டன. அம்மாவின் பிறந்த தேதி முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை. ஒருவர் வெளியே போய் போன் போட்டுவிட்டு வந்து, "எங்கம்மாவுக்கே தெரியாதாம் மேடம். 'நான் பொறந்தப்ப நல்ல மழை'ன்றாங்க" என்றார். அன்று நானாக விரிவுரை ஒன்றும் ஆற்றவில்லை. பாடம் எடுக்க வேண்டியவர் மதியம் வந்து சேர்ந்தார். சார் அவருக்கு டீ கொடுத்து உட்காரவைத்துவிட்டு என்னையே தொடரச் சொன்னார்.

அதிலிருந்து வகுப்பு என்றால் நான்தான். இரண்டாம் நாளில் ஒரு வேலை வைப்பேன். ஒவ்வொருவரும் தன்னைத் தெரியாத வேறு ஒரு வட்டத்து அலுவலகத்துக்கு, அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, சாதாரண மனுதாரராகப் போய்த் தகவல் கேட்டு வர வேண்டும். ஒரு வருடம் வந்தவர்களில் தனசேகர் என்று ஒருவர். ஆவடி பக்கத்துக்காரர், ஆறடி உயரம், கம்பீரமான மீசை. காலையில் சிரித்துக்கொண்டே கிளம்பியவர் மதியம் முகம் சிவந்து வந்தார்.

"மூணு டேபிளுக்கு அனுப்பினான் மேடம். அப்புறம் இ-சேவைக்குப் போன்னான். அங்க போனா, ஆபீசுக்குப் போன்னான். ஒருத்தன்கூட நிமிந்து பாக்கல மேடம். பாத்துக்கினே இருங்க, அவன் பேர்ல ஒரு கம்ப்ளைண்ட் எழுதப்போறேன்."

"எழுதலாம். உங்க ஆபீஸ்ல மனுதாரர் வந்தா நீங்க நிமிந்து பாப்பீங்க இல்ல?"

தனசேகர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். புகார் எழுதவில்லை.

அந்த வகுப்பில்தான் பச்சையம்மாளின் மனு வந்தது.

கற்பனை உதாரணங்கள் வேண்டாம், நிராகரித்த பழைய மனுக்களில் ஒரு கட்டைப் பாடமாக எடுங்கள் என்று சார் சொல்லியிருந்தார். கட்டைப் பிரித்தபோது ஒரே பெயரில் மூன்று மனு இருந்தன. பச்சையம்மாள், ஊர் நூம்பல். கணவர் பெயர் ஏகாம்பரம், டெம்போ ஓட்டுநர். பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. திருமழிசை பக்கம் சாலையோரம் பூட்டியபடி வண்டி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. 'காணவில்லை' என்று போலீசில் புகார் பதிவாகி அப்படியே நிற்கிறது.

அந்த அம்மாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட்டு பேக்கிங் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் வேலை பார்த்து ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தவர். பட்டறையை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போய் வரவும், நாள் முழுக்க நிற்கவும் முடியாமல் வேலை நின்றுபோய், உதவித்தொகைக்கு மனுப் போட்டிருக்கிறார்.

முதல் மனு விதவை உதவித்தொகைக்கு, யாரோ எழுதிக் கொடுத்தது. கணவரின் இறப்புச் சான்று இல்லை என்று நிராகரிப்பு. இரண்டாவது, கணவனால் கைவிடப்பட்டோர் உதவித்தொகை. 'விசாரணையில் மனுதாரர், தன் கணவர் தன்னைக் கைவிடவில்லை எனத் தெரிவித்தார்' என்று நிராகரிப்பு. மூன்றாவதில் காரணம் இன்னும் சுருக்கம்: 'ஏற்கெனவே இருமுறை நிராகரிக்கப்பட்டது.'

வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஏழு வருடத்துக்கு மேல் ஆளைப் பற்றித் தகவல் இல்லையென்றால், நீதிமன்றத்தில் கேட்டு இறந்தவராக அறிவிக்கச் செய்யலாம் என்றது ஒரு கட்சி. அதெல்லாம் இழுக்கும், கைவிட்டுவிட்டார் என்று ஒரு வாக்குமூலம் வாங்கினால் ஒரு வாரத்தில் முடியும் என்றது இன்னொரு கட்சி.

"ரெண்டுல ஒண்ணு சொன்னா வேலை முடிஞ்சுது மேடம். அந்தம்மா ஏன் அடம் புடிக்குது?" என்றார் தனசேகர்.

எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. கைவிடப்பட்டோர் பிரிவுதான் சுலபம் என்று முடிவு செய்து, ஒரு வாக்குமூலத்தை நானே தட்டச்சு செய்தேன். 'மேற்படி ஏகாம்பரம் என்பவரால் பதினோரு ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட நான்' என்று தொடங்கும் நல்ல வாக்குமூலம். மறுநாள் காலை, வகுப்புக்கு வந்தவர்களில் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வேலப்பன்சாவடியில் இறங்கி நூம்பலுக்கு நடந்தேன்.

புதிதாக எழும்பிய இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண், கையில் எழுதும் பேடும் கோப்புமாக வந்த எங்களைப் பார்த்து எழுந்தார். சின்ன உருவம். தலையில் ஒரு நரை இல்லை. அவர்தான் பச்சையம்மாள்.

"இன்னா மேடம், இத்தினி பேரு வந்துகீறீங்க? ஊட்ல எதனா எழவா, எனக்குத் தெரியாம?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். நான் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று சொன்னேன். அவர் பாய் விரித்தார். தனசேகருக்கு மட்டும் ஒரு முக்காலி. "நீ ஒசரமா கீற நைனா, கீழ குந்துனா எய்ந்திருக்க மாட்ட" என்றார். வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் கடைக்குப் போய் தூக்குவாளியில் டீ வாங்கி வந்தார். பிறகு எதிரில் உட்கார்ந்து, "கேளுங்க" என்றார்.

நான் கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார். அன்றைக்கு ஏகாம்பரம் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். சண்டை ஒன்றும் இல்லை. சாயந்திரம் மகளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வருவதாகச் சொன்னார்.

"அவருக்குக் குடி இல்ல, வேற சகவாசம் இல்ல. என்னை உட்டுட்டு ஓட்ற ஆளு இல்ல மேடம் அவுரு. எங்கியோ இன்னாமோ ஆயிக்கீது. இன்னா ஆச்சின்னு எனக்குத் தெரியல. தெரியாதத தெரியும்னு எப்பிடி சொல்றது?"

"சரிம்மா. இது வெறும் ஃபார்மாலிட்டி. இதுல ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்று என் தாளை நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டு போய் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். எழுத்தின் கீழே விரல் வைத்து மெதுவாக, வாய்விட்டுப் படித்தார். நான் எதிர்பார்க்கவில்லை. கைநாட்டு வைப்பவர் என்று நினைத்து மைப்பெட்டி எடுத்து வந்திருந்தேன். விரல் 'கை' என்ற எழுத்தில் வந்து நின்றது. "கை… விட… பட்ட" என்றார். மறுபடியும் அதையே படித்தார். பிறகு தாளை நான்காக மடிக்காமல், கசக்காமல், அப்படியே என் மடியில் திருப்பி வைத்தார்.

"நீங்க படிச்சவங்க. எனக்கு நல்லது பண்ணணும்னுதான் வந்துகீறீங்க. ஆனா இத்த நான் போட மாட்டேன் மேடம். நாளைக்கே அவுரு வந்து நின்னார்னா, இன்னாடி எழுதிக் குட்த்தன்னு கேப்பாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

பத்துப் பதினைந்து வருடமாக வகுப்பெடுக்கிறவள் போல நிமிர்ந்து உட்கார்ந்து, மைப்பெட்டியைப் பைக்குள் திருப்பி வைத்தேன். மனுதாரரை விசாரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வந்தவள், விசாரிக்கும் முன்னாலேயே பதிலைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன். அதைப் பார்க்க ஐந்து பேரையும் கூட்டி வந்திருக்கிறேன்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அப்போது கலைவாணி வாயைத் திறந்தாள். தென்காசியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண், இரண்டு நாளும் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்காதவள்.

"அம்மா, நல்லா வாசிக்கீங்களே. எங்க படிச்சீங்க?"

பச்சையம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "இதோ, இந்த ஸ்கூலுதான். மூணாவது வரிக்கும். நானும் எதுத்தூட்டு காந்தாவும் ஒரே பென்ச்சி. அவ நான் எய்தறத பாத்து பாத்து எய்துவா. இன்னிக்கு அவளுக்கு கெவருமெண்டு துட்டு மாசம் பொறந்தா வந்துகினு கீது. நான் இங்க உங்களாண்ட டீ குட்த்துகினு கீறேன்."

"காந்தாம்மாவுக்கு எதுக்கு வருது? வீட்டுக்காரர் இல்லையா?"

"அவ ஊட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் கீறாரு. அவளுக்கு வயசானதுக்கு வருது."

கலைவாணி என்னைப் பார்த்தாள். நான் தனசேகரைப் பார்த்தேன். தனசேகர் அவசரமாகக் கோப்பைப் புரட்டி ஆதார் நகலை எடுத்தார். முதியோர் உதவித்தொகைக்கு அறுபது வயது ஆகியிருக்க வேண்டும். பச்சையம்மாளின் ஆதாரில் ஐம்பத்து மூன்றுதான் வந்தது. பிறந்த தேதி, நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் போடும் ஜனவரி ஒன்று.

"அம்மா, ஒரே பென்ச்சுன்னா, காந்தாம்மாவும் நீங்களும் ஒரே வயசுதானே?" என்றாள் கலைவாணி.

"அவ என்ன வுட நாலு மாசம் சின்னவ."

"அப்ப இந்த வயசை யாரு சொன்னா?"

பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் எங்க சொன்னேன்? ஃபோட்டோ புடிச்ச ஆளு கேட்டாரு, தெரியாதுன்னேன். என் தலைய பாத்தாரு. 'முடி எல்லாம் கர்ப்பா கீது, நான் ஒண்ணு போட்டுக்கறேன்'னாரு. பத்து பேரு எதிருல வயச கொறச்சி சொன்னா எவ வேணாம்பா? நானும் சந்தோசமா சர்தான்னுட்டேன்."

மூன்று மனு, மூன்று விசாரணை, அதற்குமேல் எங்கள் வகுப்பு. எல்லோரும் ஏகாம்பரம் எங்கே என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணைப் பற்றி அந்தப் பெண்ணிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"அறுவதுக்கு மேலன்னு எழுதினா கையெழுத்துப் போடுவீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"கெய்விதானே? அது நெசம். எத்தினி வாட்டி வேணா போட்றேன்."

அதற்கு அத்தாட்சி வேண்டுமே. அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமையாசிரியை முதலில் எங்களை ஏதோ ஆய்வுக்கு வந்த குழு என்று நினைத்து ஓடிப்போய் சாக்பீஸ் இருப்பை எடுத்து வந்தார். விஷயத்தைச் சொன்னதும் மூச்சு வந்தது. பழைய சேர்க்கைப் பதிவேடுகள் ஒரு மர அலமாரியில், சத்துணவுப் பாத்திரங்களுக்குப் பின்னால் இருந்தன. தனசேகர் அண்டாக்களைத் தூக்கித் தூக்கி வெளியே வைத்தார், உயரம் அன்றைக்குத்தான் உதவியது. பதிவேடுகளில் சிலவற்றைக் கரையான் தின்றிருந்தது. எல்லோரும் ஆளுக்கு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து புரட்டினோம்.

"கிடைச்சிருச்சு!" என்று முதலில் கத்தியவள் கலைவாணிதான். மங்கிய மையில், மாணவர் பெயர் பச்சம்மாள், தகப்பனார் தொழில் கூலி, பிறந்த தேதி. அடுத்த வரியிலேயே காந்தா. விரல் விட்டு எண்ணினோம். பச்சையம்மாளுக்கு அறுபத்தொன்று முடிந்திருந்தது. தனசேகர் கையை உயர்த்தி ஆட்டியதில் ஒரு அண்டா உருண்டு, பக்கத்து வகுப்புப் பிள்ளைகளெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

அத்தோடு முடிந்துவிடவில்லை. பதிவேட்டில் பச்சம்மாள், ஆதாரில் பச்சையம்மாள். இருவரும் ஒருவரே என்று சான்று வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து வயதுச் சான்று தர வேண்டும். ஆதாரில் தேதியைத் திருத்த வேண்டும், அதற்கு ஒரு தடவை போய், திரும்பி வந்து, மறுபடி போக வேண்டும். இதெல்லாம் மாதக்கணக்கில் ஆயிற்று. வகுப்பு முடிந்து எல்லோரும் தத்தம் ஊருக்குப் போன பிறகும், கலைவாணி மட்டும் விடுப்பு நாளில் வந்து பச்சையம்மாளைக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். தனசேகர் தன் மோட்டார் சைக்கிளில் போய் டாக்டரின் கையெழுத்தை வாங்கி வந்தார். ஒரு கட்டத்தில் பச்சையம்மாளே சலித்துப்போய், "வுடுங்க கண்ணு, நான் சின்னவளாவே இருந்துட்டுப் போறேன்" என்றாராம்.

கோப்பு கடைசியில் பரசுராமன் சார் பார்வைக்குப் போனது. என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் கோப்பு திறந்திருந்தது. பேனா மூடி மாட்டியிருந்தது.

"இதுல இருபத்து மூணாம் பக்கத்துக்கு அப்புறம் இருபத்தஞ்சு வருது. இருபத்து நாலு எங்கே?"

இருபத்து நான்காம் பக்கம் என் வாக்குமூலம். கையெழுத்து இல்லாததால் தேவையில்லை என்று உருவிவிட்டேன். உண்மையில் வெட்கமாக இருந்ததால் உருவினேன். அதையும் சொன்னேன்.

"கிழிச்சிட்டீங்களா?"

"இல்ல சார். பையில இருக்கு."

"எடுங்க." எடுத்துக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. பிழையே இல்லை" என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம். பிறகு தாளை என்னிடமே தந்தார். "அசலைக் கோப்புலயே வைங்க. ஒரு நகலை எடுத்து அடுத்த வகுப்புல காட்டுங்க. யார் எழுதினதுன்னும் சொல்லுங்க."

மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போட்டார்.

சொன்னபடியே செய்தேன். முதல் தடவை காட்டியபோது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது தடவையிலிருந்து அது என் வகுப்பிலேயே எல்லோரும் அதிகம் ரசிக்கும் பகுதியாகிவிட்டது. மேடமே இப்படிச் செய்தாரா என்று பார்க்கும்போது, அதுவரை வாயே திறக்காதவர்களும் தாங்கள் செய்ததைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். விதிகளைச் சொல்லிக்கொடுத்துப் பல வருடத்தில் பெற்றதைவிட, அந்த ஒரு தாளைக் காட்டி நான் பெற்றது அதிகம். ரேவதி, உங்கள் துறை வீடியோவில் சேர்க்க முடிந்தால் அந்த இருபத்து நான்காம் பக்கத்தைச் சேர்.

ஆணையைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். நானும் கலைவாணியும் நேரில் கொண்டுபோனோம். மாசி மாதக் காலை, வெயில் இன்னும் ஏறவில்லை. பச்சையம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஆணையை வாங்கினார். நான் படித்துச் சொல்ல வாயெடுத்தேன். கலைவாணி என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

அவர் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தார். மனுதாரர் பெயர். வயது. கணவர் பெயர். அங்கே விரல் நின்றது. அதற்கு முன்னாலும் பின்னாலும் இருந்த வெற்றிடத்தைத் தடவிப் பார்த்தார்.

"பேருக்கு முன்னால 'லேட்'டு போடல இல்ல?"

"போடலம்மா" என்றேன். "ஏகாம்பரம். அவ்ளோதான்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு விருட்டென்று எழுந்து தெருவுக்கு வந்து, ஆணையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்துக் கூவினார்.

"அடியே காந்தா! இங்க பார்றீ, நானும் கெய்வி ஆயிட்டேன்!"

எதிர்வீட்டு ஜன்னலில் வெள்ளைத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"நீ எப்பவோ கெய்விதான்டி! கெவருமெண்டுக்கு இப்பதான் தெரிஞ்சிதா இன்னா?"